டயரை மாற்றியது மீட்டருக்குத் தெரியாது

பெங்களூரு கலாசிபாளையத்திலும் யஷ்வந்த்பூர் மண்டியிலும் வண்டி வைத்திருக்கும் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் புகார் காதில் விழாமல் போகாது: "புது டயர் போட்டதுலேர்ந்து மைலேஜ் அடி வாங்குது." முதல் சந்தேகம் டிரைவர் மேல். டிரைவர் அதை டீசல் பங்க் பக்கம் தள்ளிவிடுவார். அப்புறம் மெக்கானிக்கிடம் விட்டு ஏர் ஃபில்டர், நாசில், பம்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாலும் கணக்கு இடிக்கும். போட்டது பழையதைவிட ஒரு சைஸ் பெரிய டயர் என்பது மட்டும் யார் நினைவுக்கும் வராது. பல சமயம் டீசல் கூடுதலாகப் போயிருக்கவே செய்யாது. ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான்.

டயர் சைஸ் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும் என்பது வண்டிக்காரர்கள் ஓரளவு கேள்விப்பட்ட விஷயம்தான். ஏன், எவ்வளவு, எந்தப் பக்கம் தப்பு, சரி செய்ய என்ன வழி என்பதில்தான் குழப்பம். பிக்கப் வைத்திருப்பவருக்கும் பத்துச் சக்கர லாரி வைத்திருப்பவருக்கும் கணக்கு ஒன்றே. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மீட்டர் எதை எண்ணுகிறது?

ஸ்பீடோமீட்டருக்கு ரோடு தெரியாது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு வண்டி இவ்வளவு தூரம் நகரும் என்று ஒரு எண்ணைக் கம்பெனியிலேயே அதற்குள் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். சுற்றை அந்த எண்ணால் பெருக்கினால் தூரம். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். நிலத்தைக் காலடி வைத்து அளப்பது போலத்தான் இது. அப்பா நூறு அடி வைத்துக் கடந்த வரப்பை எட்டு வயதுப் பையன் நடந்தால் நூற்றைம்பது அடி வரும். வரப்பு நீளவில்லை, கால் சின்னது. டயரை மாற்றும்போது நாம் காலை மாற்றிவிடுகிறோம். மீட்டர் பழைய காலடிக் கணக்கையே வைத்துக்கொண்டு எண்ணுகிறது.

பழைய வண்டிகளில் கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக். அதிலிருந்து டேஷ்போர்டு வரை ஒரு கேபிள். கேபிளின் மேல் முனையில் ஒரு காந்தம் சுற்றும். அதை ஒட்டி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் காந்தத்தோடு கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள் ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அங்கே முள் நிற்கும். ஆனால் ஓடோமீட்டர், அதாவது கிலோமீட்டர் எண்கள், இந்தக் காந்தத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல. அதே கேபிளிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக நேரடியாக உருளுபவை. இந்த வித்தியாசம் பின்னால் பணம் செலவழிக்கும் இடத்தில் உதவும்.

இப்போதைய வண்டிகளில் கேபிள் கிடையாது. அதே இடத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் அது இத்தனை மின்துடிப்பு அனுப்பும். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை துடிப்பு என்ற எண் மீட்டரிலோ வண்டியின் கம்ப்யூட்டரிலோ பதிந்திருக்கும். வழி மாறியிருக்கிறதே தவிர எண்ணுவது இன்னும் சுற்றைத்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கு எடுக்கும் பின்சக்கர ஓட்ட வண்டியில் முன் டயரை மாற்றினால் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. பின் அச்சில், அதாவது ஹவுசிங்கில், ஓடும் டயர்தான் கணக்கு. சில புது பிக்கப்புகளில் வேகக் கணக்கை ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரிலிருந்து எடுக்கிறார்கள், அங்கே எல்லாச் சக்கரமும் சேரும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் என்று கம்பெனி சொல்லாமல் கலந்து போடுவது மீட்டரைவிடப் பிரேக்குக்குத்தான் கேடு.

கிரவுனை, அதாவது ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பின் அச்சுப் பல்சக்கர ஜோடியை, மாற்றினாலும் இதே கதைதான், இன்னும் பெரிதாக. 41/6 பல் கிரவுனை எடுத்துவிட்டு 41/7 போட்டால், ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் முன்பைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 70-இல் போய்க்கொண்டிருக்கும். டயர் சைஸால் இவ்வளவு பெரிய தப்பு வருவது அபூர்வம். பழைய வண்டி வாங்குபவர்கள் டயரைப் பார்ப்பதோடு கிரவுன் மாற்றியிருக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

டயர் மேல் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கு

ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். பழைய டயர் 215/75 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், 215 மி.மீ. இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது: 215-இல் 75 சதவீதம் 161.25 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். கடைசி எண் டிஸ்க்கின் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தின்) விட்டம், அங்குலத்தில். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 15 அங்குலம் 381 மி.மீ. டிஸ்க்குக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆகவே டயரின் மொத்த உயரம் 381 + 161.25 + 161.25 = 703.5 மி.மீ.

புதிதாகப் போட ஆசைப்படுவது 235/75 ஆர் 15. சுவர் 176.25, இரண்டு பக்கமும் சேர்த்து 352.5, டிஸ்க்கோடு 733.5 மி.மீ. பார்வைக்கு மூன்று சென்டிமீட்டர்தான் கூடியிருக்கிறது. 733.5-ஐ 703.5-ஆல் வகுத்தால் 1.0426 வரும். இந்த ஒரு எண்தான் நமக்கு வேண்டியது. புது டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் 4.26 சதவீதம் கூடுதலாக உருளுகிறது என்று அர்த்தம். மீட்டர் சொல்வதை இதனால் பெருக்கினால் உண்மை கிடைக்கும்: 40 காட்டினால் 41.7, 60 காட்டினால் 62.6, 80 காட்டினால் 83.4. வேகம் கூடக் கூட வித்தியாசமும் கூடும். "நம்ம வண்டி எப்பவும் மூணு கிலோமீட்டர் கம்மியா காட்டும்" என்று ஒரே எண்ணைக் கழித்துக் கூட்டிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு வேகத்தில்தான் அது சரியாக இருக்கும்.

பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். சின்ன டயர் போட்டால் கூட்டிக் காட்டும். திசை குழம்பினால் அந்த வரப்புப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாரி டயரில் எழுத்து முறை வேறாக இருக்கும். 10.00-20 என்றால் அகலம் 10 அங்குலம், டிஸ்க் 20 அங்குலம். சுவர் உயரம் அதில் எழுதியிருக்காது. அதற்கு டயர் கம்பெனியின் அட்டவணையில் மொத்த விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 9.00-20 ஏறத்தாழ 1020 மி.மீ., 10.00-20 ஏறத்தாழ 1050 மி.மீ.; கம்பெனிக்குக் கம்பெனி, பட்டன் (டயர் மேலுள்ள வரிப்பள்ளம்) டிசைனுக்கு டிசைன் கொஞ்சம் மாறும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் 3 சதவீதம் போல வித்தியாசம் வரும்.

பலர் பயப்படுவது டியூப்லெஸுக்கு மாறுவதற்குத்தான். 20 அங்குல டிஸ்க்கை எடுத்துவிட்டு 22.5 அங்குல டிஸ்க் போடுகிறோமே, மீட்டர் எங்கேயோ போய்விடாதா என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 295/90 ஆர் 20: டிஸ்க் 508, இரண்டு சுவரும் சேர்த்து 531, மொத்தம் 1039 மி.மீ. 295/80 ஆர் 22.5: டிஸ்க் 571.5, சுவர் 472, மொத்தம் 1043.5 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. டிஸ்க் வளர்ந்த அளவுக்குச் சுவர் குட்டையாகிவிட்டது. மீட்டரைத் தொடவே வேண்டாம்.

நைலானிலிருந்து (ரேடியல் அல்லாத பழைய வகை டயர்) ரேடியலுக்கு மாறும்போது இதற்கு நேர்மாறாக, அதே சைஸ் என்று நினைத்திருப்போம், கணக்கு லேசாக நகர்ந்திருக்கும். டயர் தரையில் உட்கார்ந்து அமுங்கி உருளுவதால், விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் வரும் சுற்றளவு முழுதாகக் கிடைக்காது. ஐரோப்பிய டயர் தரக் கணக்கில் ரேடியலுக்கு 3.05, நைலான் வகைக்கு 2.99 என்று பெருக்குகிறார்கள். விட்டம் அப்படியே இருந்தாலும் இதிலேயே 2 சதவீதம் வந்துவிடுகிறது.

தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். புது லாரி டயரில் பட்டன் ஆழம் 16 மி.மீ. என்று வைத்து, 4 மி.மீ. இருக்கும்போது கழற்றினால் விட்டத்தில் 24 மி.மீ. போயிருக்கும். 1043 மி.மீ. டயரில் அது 2.3 சதவீதம். அதாவது எந்த மாற்றமும் செய்யாத வண்டியிலேயே, டயர் புதிதாக இருந்த நாளுக்கும் ரீட்ரெட்டுக்கு (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்ட) அனுப்பிய நாளுக்கும் இடையில் மீட்டர் இவ்வளவு நகர்ந்திருக்கிறது. ஆகவே ஒரு சதவீதத் தப்பைத் துல்லியமாகத் திருத்துகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் சிரித்துவிட்டு வரலாம். 2 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. 3-ஐத் தாண்டினால் பார்க்க வேண்டும். 5 என்றால் தள்ளிப்போடக் கூடாது.

வேகத்தைவிடக் கிலோமீட்டர்தான் அதிகம் கடிக்கும்

டயர் சைஸ் பேச்சு வந்தால் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சொந்தக் காரில் அது சரி. லாரித் தொழிலில் பணம் ஓடுவது ஓடோமீட்டர் எண்ணில்தான். மைலேஜ், ஆயில் மாற்றும் கெடு, ஒரு டயர் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா விழுந்தது என்ற கணக்கு, கிலோமீட்டர் வாடகை எல்லாமே அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கின்றன.

9.00-லிருந்து 10.00-க்கு மாறிய ஒரு லாரி. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிற வண்டி. ஒரு நடைக்கு உண்மையில் 2000 கி.மீ. ஓடி 500 லிட்டர் குடித்திருக்கிறது. ஆனால் 3 சதவீதத் தப்பால் மீட்டர் 1942-தான் காட்டும். முதலாளி 1942-ஐ 4-ஆல் வகுப்பார்: 485 லிட்டர் சொச்சம். "என்னப்பா, பதினஞ்சு லிட்டர் எங்க போச்சு?" "நான் எங்கண்ணே கொண்டு போவேன்? பில்லு இருக்கு, மீட்டர் இருக்கு, நீங்களே பாருங்க." இரண்டு பேர் சொல்வதும் உண்மை. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் நடைக்கு 1300 ரூபாய். மாதத்தில் சில நடைகள் என்றால் ஒரு நல்ல டிரைவரை இழக்க அது போதும்.

பெரிய டயரால் மைலேஜ் நிஜமாகவே மாறவும் செய்யலாம். டயர் கனம், இஞ்சின் எந்த ஆர்.பி.எம்-இல் ஓடுகிறது, ஏற்றமா சமவெளியா என்பதெல்லாம் அதில் சேரும். ஆனால் கிலோமீட்டரைத் திருத்தாமல் அந்தப் பேச்சுக்கே போக முடியாது. முதலில் மீட்டர் கிலோமீட்டரை 1.03-ஆல் பெருக்குங்கள். பிறகும் மைலேஜ் குறைந்திருந்தால் அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

சின்ன டயர் போட்டவர்களுக்கு நிலைமை தலைகீழ். மைலேஜ் பிரமாதமாகத் தெரியும், ஆனந்தமாக இருக்கும். ஆனால் ஓடாத கிலோமீட்டர் மீட்டரில் ஏறிக்கொண்டிருக்கும். சர்வீஸ் கெடு சீக்கிரம் வரும், வாரண்டி சீக்கிரம் முடியும், விற்கும்போது வண்டி நிஜத்தைவிட அதிகம் ஓடியதாக விலை பேசப்படும்.

வேகத்தையும் லேசாக விட முடியாது. மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி சரக்கு வாகனங்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயிலும் நாலுவழிச் சாலையிலும் உச்சவரம்பு 80, நகரச் சாலைகளில் 60. மாநிலங்கள் இதைவிடக் குறைத்தும் வைக்கலாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நடுத்தர, கனரக வண்டிகள் வேகம் மீறினால் 2000 முதல் 4000 ரூபாய் வரை அபராதம். கேமராவுக்கு உங்கள் டயர் சைஸ் தெரியாது. அது ரோட்டில் போகும் வேகத்தை நேராக அளக்கிறது. 2015 அக்டோபர் முதல் தயாரான போக்குவரத்து வாகனங்களில், சில விலக்குகள் தவிர, 80-ஐத் தாண்டாமல் தடுக்கும் ஸ்பீடு கவர்னர் கட்டாயம். டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்கு 60. கவர்னர் இருக்கிறதே, நாம் எப்படி மீற முடியும் என்று தோன்றலாம். அந்தக் கவர்னரும் சுற்றை எண்ணித்தான் வேலை செய்கிறது. 4 சதவீதம் பெரிய டயரில் அது 80 என்று நினைத்துப் பிடிக்கும்போது வண்டி 83-இல் இருக்கும்.

எப்படிச் சோதிப்பது?

முடிந்தால் டயரைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு முறை சோதித்து எழுதி வையுங்கள். காரணம், கம்பெனியிலிருந்து வரும்போதே ஸ்பீடோமீட்டர் முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் இருக்கும். ஸ்பீடோமீட்டருக்கான ஐ.நா. விதியே அப்படி: உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, ஒரு வரம்புக்குள் கூட்டிக் காட்டலாம். ஆகவே பழைய டயரில் மீட்டர் 60 காட்டும்போது ஜி.பி.எஸ். 57 காட்டியிருக்கலாம். அதன் மேல் 4.26 சதவீதம் பெரிய டயர் போட்டால் 57 என்பது 59.4 ஆகும். "பார், பெரிய டயர் போட்டதும் மீட்டர் கச்சிதமா ஆயிடுச்சு" என்று மகிழ்ச்சி வரும். முள்ளைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் ஓடோமீட்டரில் பொதுவாக அப்படிக் கூட்டி வைப்பதில்லை. அது இப்போது 4 சதவீதம் குறைத்து எழுதிக்கொண்டிருக்கும். முள்ளையும் கிலோமீட்டரையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

முள்ளுக்கு எளிய வழி போன். கூகுள் மேப்ஸில் வழி போட்டு ஓட்டினாலே ஓரத்தில் வேகம் தெரியும். ஜி.பி.எஸ். ஒரே வேகத்தில் போகும்போது நன்றாகச் சொல்லும். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓரிரு நொடி பின்தங்கும், மேம்பாலத்துக்கு அடியில் தடுமாறும். அதனால் நேரான ரோட்டில், ஒரே வேகத்தில் அரை நிமிடமாவது பிடித்து ஓட்ட வேண்டும். சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரை அதற்கு வாய்ப்பே இல்லை, முயல வேண்டாம். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி பக்கம், அல்லது தும்கூர் ரோட்டில் நெலமங்கலா தாண்டி, விடிகாலையில் நடக்கும். 40, 60 இரண்டிலும் எடுங்கள். கவர்னர் விட்டால் 75 பக்கமும் ஒன்று. போனைப் பார்ப்பது கிளீனரின் வேலை. ஓட்டுபவர் முள்ளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கட்டும்.

போன் இல்லாவிட்டாலும் வழி உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் நிற்கிறது. 3600-ஐ ஒரு கிலோமீட்டர் கடக்க எடுத்த நொடியால் வகுத்தால் வேகம். 60 நொடி என்றால் 60, 72 நொடி என்றால் 50, 45 நொடி என்றால் 80. ஆனால் ஒரே ஒரு கிலோமீட்டரில் ஒரு நொடி தவறினாலே ஒன்றரை சதவீதத்துக்கு மேல் தப்பு வரும். ஐந்து கல் தாண்டி எடுத்து, மொத்த நொடியை ஐந்தால் வகுத்துக்கொண்டால் அந்தத் தவறு கரைந்துவிடும். ரோடு அகலப்படுத்தியபோது இடம் மாறிய கற்களும் உண்டு என்பதால், அதற்கும் நீண்ட தூரமே நல்லது.

ஓடோமீட்டருக்கு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு கல்லில் தொடங்கி 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். 19.2 காட்டினால் 20-ஐ 19.2-ஆல் வகுத்தது உங்கள் வண்டியின் எண்: 1.042. வண்டியில் டிராக்கர் மாட்டியிருப்பவர்கள் அதன் தூரத்தோடும் ஒப்பிடலாம். ஆனால் தொப்பூர் கணவாய் மாதிரி வளைவுப் பாதையில் ஒப்பிடாதீர்கள். சில நொடிக்கு ஒரு தடவை புள்ளி வைத்து நேர்கோட்டில் சேர்க்கும் டிராக்கர் வளைவின் ஓரங்களை வெட்டிவிட்டு, தூரத்தைக் குறைத்துச் சொல்லும்.

ரோட்டுக்கே போகாமல் யார்டிலேயே அளக்கவும் முடியும், எனக்குப் பிடித்த முறை இதுதான். சமமான சிமென்ட் தரை வேண்டும். காற்றை வழக்கமான அளவுக்கு வைத்து, வழக்கமான லோடோடு வண்டியை நிறுத்துங்கள். பின் டயரின் வால்வு நேர் கீழே வரும்படி நகர்த்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயர் மேலும் தரை மேலும் சாக்பீஸால் ஒரே கோடு போடுங்கள். வண்டியை மெதுவாக நேராக நகர்த்த, ஒருவர் கூடவே நடந்து டயர் கோடு தரைக்கு வருவதை எண்ண வேண்டும். ஐந்தாவது தடவை வரும்போது நிறுத்தித் தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்து ஐந்தால் வகுங்கள். 295/90 ஆர் 20 டயர் என்றால் ஐந்து சுற்றுக்கு 15.8 மீட்டர் பக்கம் வரும், சுற்றுக்கு 3.17 மீட்டர். பழைய டயருக்கும் புது டயருக்கும் இப்படி அளந்தால் நைலான், ரேடியல், தேய்மானம், லோடு எல்லாம் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். எந்த அட்டவணையும் வேண்டாம்.

சரி, எப்படித் திருத்துவது?

ஜே.சி. ரோட்டில் மீட்டர் வேலை செய்யும் கடைகள் உண்டு; தமிழ், கன்னடம், உருது எதில் பேசினாலும் வேலை நடக்கும். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

கேபிள் மீட்டரில் சரியான வைத்தியம் கியர்பாக்ஸ் பக்கம்தான். கேபிளைச் சுற்றும் அந்தச் சின்னப் பல்சக்கரத்தைப் பல் எண்ணிக்கை வேறாக உள்ளதாக மாற்ற வேண்டும். பழைய பல் எண்ணிக்கையைப் பழைய டயர் விட்டத்தால் பெருக்கி, புது விட்டத்தால் வகுங்கள். பிக்கப் உதாரணத்தில் 22 பல் இருந்தால் 22 × 703.5 ÷ 733.5 = 21.1. ஆகவே 21 பல். பெரிய டயருக்குப் பல் குறைய வேண்டும், கேபிள் வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதற்காக. பல்லைப் பின்னத்தில் வெட்ட முடியாது என்பதால் அரை சதவீதம் மிச்சத் தப்பு இருக்கும், பரவாயில்லை. அந்த மாடலுக்குப் பொருந்தும் பல்சக்கரம் கிடைக்காவிட்டால், கேபிளுக்கு நடுவே விகிதம் மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைச் சேர்க்கலாம்.

"கண்ணாடியைக் கழற்றி முள்ளைத் திருப்பி வச்சுத் தரேன், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்பவர்களிடம் வேண்டாம். முள்ளைத் திருப்பி வைத்தால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடும் அல்லது குறையும். நமக்கு வேண்டியது சதவீதத் திருத்தம். அதைவிட முக்கியம், கிலோமீட்டர் எண்கள் முள்ளோடு சம்பந்தமில்லாமல் பல்சக்கரத்தில் ஓடுபவை என்று மேலே பார்த்தோமே. முள் சரியாகிவிட்ட திருப்தியில் நீங்கள் இருப்பீர்கள், ஓடோமீட்டர் பழைய பொய்யையே எழுதிக்கொண்டிருக்கும்.

சென்சார் வண்டியில் முதலில் போக வேண்டிய இடம் கம்பெனி சர்வீஸ் சென்டர். லேப்டாப்பை மாட்டி டயர் சுற்றளவையோ கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணையோ மாற்றினால் முள், ஓடோமீட்டர் இரண்டும் ஒன்றாகச் சரியாகும். துடிப்பு எண்ணுக்கும் அதே சூத்திரம்: கிலோமீட்டருக்கு 8000 என்று இருந்தால் 8000 × 703.5 ÷ 733.5, அதாவது 7673. கம்பெனி அந்த மாடலுக்கே அனுமதித்த சைஸ் என்றால் பட்டியலில் தேர்ந்தெடுத்து முடித்துவிடுவார்கள். பட்டியலில் இல்லாத சைஸ் என்றால் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. லோடு தாங்குமா, ஃபெண்டரில் உரசுமா, இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பதெல்லாம் மீட்டருக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்.

சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டி, துடிப்பைக் கூட்டிக் குறைத்து அனுப்பும் சின்ன மின்னணுப் பெட்டியும் விற்கிறது. தனி ஒயரில் மீட்டருக்குப் போகும் பழைய சென்சார் வண்டியில் அது வேலை செய்யும். ஆனால் அதே சிக்னலை இஞ்சின் கம்ப்யூட்டரும் கவர்னரும் பகிர்ந்துகொள்ளும் வண்டியில் ஒயரை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். கவர்னருக்குப் போகும் சிக்னலில் கை வைத்தது எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும்போது தெரிந்தால், மீட்டரைத்தான் திருத்தினேன் என்ற விளக்கம் எடுபடாது. கவர்னரையும் சேர்த்து அளவு பார்க்கச் சொல்லி, அதற்கு அங்கீகாரம் உள்ளவர்களிடம் போவதுதான் ஒரே வழி.

தப்பு 2 சதவீதத்துக்குள் என்றால், அல்லது அடுத்த டயர் மாற்றும்போது பழைய சைஸுக்கே திரும்பப் போகிறீர்கள் என்றால், எதையும் கழற்ற வேண்டாம். உங்கள் வண்டியின் எண்ணை நடைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மைலேஜ் போடும்போது முதலாளியும் டிரைவரும் அதனால் பெருக்கிக்கொண்டால் சண்டை அங்கேயே நிற்கும். டேஷ்போர்டில் ஒரு சின்னச் சீட்டும் ஒட்டலாம்: மீட்டர் 58, உண்மை 60, மீட்டர் 77, உண்மை 80.

திருத்தியாயிற்று என்று கடைக்காரர் சொன்ன பிறகு, அதே ரோட்டில் அதே 20 கி.மீ. மறுபடி ஓட்டிப் பாருங்கள். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிடுவது இந்த வேலையில் சாதாரணம், அப்போது 4 சதவீதத் தப்பு 8 ஆகியிருக்கும். திருத்திய தேதியையும் அன்றைய ஓடோமீட்டர் எண்ணையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள். டயர் மாற்றிய நாளிலிருந்து அந்த நாள் வரை ஓடியதை மீட்டர் திரும்பச் சரி செய்யாது. அந்தக் கிலோமீட்டரைக் கையால் பெருக்கித்தான் டயர் கணக்கிலும் ஆயில் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.